லேபர் வந்துச்சா

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரோடு நான் போட்ட முதல் சண்டை ஓர் ஆங்கில வார்த்தைக்காக. அவர் போனில் யாரிடமோ, "இன்னிக்கு எட்டு லேபர்தான் வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வந்தவள். அந்தத் திமிர் அப்போது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். லேபர் என்றால் உழைப்பு. உழைக்கிற ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் லேபரர். எட்டு உழைப்பு வந்துச்சு என்று யாராவது சொல்வார்களா? அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மலைத் தோட்டத்துக்குப் போய் லேபரர் என்று சொல்லிப் பார், ஒருத்தருக்கும் புரியாது என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சொன்னபடியே ஆனது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, என் வாயிலும் லேபர் வந்து உட்கார்ந்துகொண்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு, அர்த்தம் தெரியாமல் பேசிவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அர்த்தம், இலக்கணம், எழுத்துக்கூட்டு எல்லாம் தெரிந்தவள். தெரிந்தேதான் சொன்னேன். வருஷக்கணக்காகச் சொன்னேன். கடைசியில் அந்த வார்த்தையாலும் என் வாயாலும் ஓர் உயிர் போகப் பார்த்தது.

போடியில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு ஏறி, கேரளா பார்டரைத் தாண்டி, ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிடும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். எங்களுக்கும் பார்டருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தோட்டம் உண்டு. மாமனார் காலத்தில் அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. என்னைக் கட்டிக்கொண்டு வந்ததும் என் வீட்டுக்காரர் என் பெயரைப் போட்டு எஸ்டேட் என்று ஒரு போர்டு மாட்டினார். ஜீப்பு வாங்கியபோது அதன் நெற்றியிலும் என் பெயரையே எழுதினார். வாசல் போர்டில், ஜீப்பில், காய் மூட்டையில், எங்கே பார்த்தாலும் என் பெயர்தான். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவருக்கு போடியில் ஏலக்காய்க் கடை இருந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் தோட்டத்துக்கு ஆள் பார்க்கிற சோலி என் தலையில் வந்து விழுந்தது. நான் சொல்லப்போகிற விபத்துக்கு முன்னால் எட்டு வருஷம் நான்தான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் பெரும்பாலும் போனில்தான். காலை எட்டு மணிவாக்கில் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு, மலையில் இருக்கிற சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன். "லேபர் வந்துச்சா?" என்பேன். "பதினாலு வந்துச்சுக்கா" என்பார். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு.

இந்த 'வந்துச்சு' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் மரியாதை இல்லாத பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் அம்மா வந்துச்சு, அக்கா சொல்லுச்சு என்பதுதான் வழக்கம். அது ஒட்டுதலில் வருகிற பேச்சு. சொந்த அம்மாவை 'வந்தாங்க' என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்தால்தான் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைப்போம். அதனால் லேபர் வந்துச்சு என்பதும் எனக்கு உறுத்தவில்லை. ஆனால் நான் எதை எதை எப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று பிறகு ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சூப்பர்வைசர் வந்தாரு. டிரைவர் வந்தாரு. கரண்டு ஆபீஸ்காரர் வந்தாரு. உரம் வந்துச்சு. டீசல் வந்துச்சு. லேபர் வந்துச்சு. அம்மாவோடு சேர்த்து நான் அந்தப் பெண்களைச் சொல்லவில்லை. டீசலோடு சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஜீப்பில் வருகிறவர்களில் ராசிங்காபுரத்துப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் சத்தமாகப் பேசுவார். மாதத்துக்கு ஒரு தடவை நான் தோட்டத்துக்குப் போகும்போது, ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் அவர் குரல் கீழ்ச்சரிவிலிருந்து ஏறி வரும். சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் கட்டம் போட்ட துண்டு. ஏலச்செடியின் தூர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால், அடியில் ஓடுகிற சரத்தில் விளைந்த காய் மட்டும்தான் அவர் விரலோடு வரும், பிஞ்சு அப்படியே நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் கையைத்தான் பார்க்கச் சொல்வார் சூப்பர்வைசர். ஒரு தடவை அந்த அம்மா நேராக என்னிடம் வந்து, ஜீப்பின் தார்ப்பாய் கிழிந்து கிடக்கிறது, மழையில் நனைந்துகொண்டே வருகிறோம், வந்ததும் ஈரத்தோடு உட்கார்ந்து காய் எடுக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். சரி மாற்றச் சொல்கிறேன் என்றேன். மறந்துவிட்டேன். அடுத்த மாதம் போனபோது மறுபடியும் சொன்னார், இந்த முறை இன்னும் சத்தமாக. எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து, அந்தச் சத்தக்கார லேபருக்கு வாய் ஜாஸ்தி என்று என் வீட்டுக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

இதுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது. குரல் தெரியும், கை தெரியும், ஊர் தெரியும். எட்டு வருஷத்தில் பெயர் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் சூப்பர்வைசருக்கும் 'ராசிங்காபுரத்துச் சத்தக்கார லேபர்' என்றாலே போதுமானதாக இருந்தது.

அது ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரம். காலை பத்தரை மணி இருக்கும். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக நான் தையற்கடையில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் கூப்பிட்டார். ஒரு லேபர் சரிவில் வழுக்கி விழுந்துவிட்டது, தலை பாறையில் மோதியிருக்கிறது, ரத்தம் அதிகமில்லை, ஆனால் பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். எந்த லேபர் என்று கேட்டேன். சத்தக்கார லேபர் என்றார். உடனே கீழே கொண்டுவரச் சொன்னேன். அதுவரைக்கும் நான் செய்ததில் ஒன்றும் தப்பில்லை.

கூட வேலை பார்க்கிற பெண் ஒருவர் துணைக்கு வருகிறேன் என்று அழுதுகொண்டு நிற்பதாகச் சூப்பர்வைசர் சொன்னார். அதற்கு நான் சொன்ன பதிலை மாற்றாமல் எழுதுகிறேன். "ஒரு லேபர் விழுந்ததுக்கு ரெண்டு லேபர் எறங்கணுமாண்ணே? காய் பழுத்து நிக்கிது. டிரைவர் இருக்காருல்ல. ஆஸ்பத்திரியில நான் பாத்துக்கிறேன், வெரசா அனுப்புங்க."

தையற்காரம்மா டேப்பைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன், மிச்ச அளவை எடுப்பதற்காக.

அன்றைக்கு எங்கள் டிரைவருக்குக் காய்ச்சல். வேறு ஒருவர் பதிலுக்கு ஓட்ட வந்திருந்தார். அவர் முன்னால் வண்டியைப் பார்த்து ஓட்ட, அந்த அம்மா பின்னால் தனியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அங்கும் இங்கும் சாய்ந்துகொண்டே இறங்கியிருக்கிறார். கிழிந்த அந்தத் தார்ப்பாய் தலைக்கு மேலே அடித்துக்கொண்டிருந்திருக்கும். இதை நான் பார்க்கவில்லை. ஆனால் அடிக்கடி கண்ணில் வருகிறது.

ஆஸ்பத்திரிக்கு ஜீப்பு எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நான் ஆட்டோவில் போய் இறங்கி, வாசலில் இருந்த வாட்ச்மேனிடம், "போடிமெட்டுல இருந்து லேபர் ஒண்ணு வந்துச்சா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லேபரெல்லாம் மாடியில்தான் என்று படிக்கட்டைக் காட்டினார். மூச்சிரைக்க ஏறிப் போனேன். மாடி வராந்தாவில் பெண்கள் பிளாஸ்க்கும் பழைய சேலைத்துணியுமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே யாரோ வலியில் முனகிக்கொண்டிருந்தார். கதவுக்கு மேலே போர்டு இருந்தது, நான் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே வந்த நர்ஸிடம், எங்கள் லேபர் எங்கே என்று அதட்டலாகவே கேட்டேன்.

"இங்க எல்லாருமே லேபர்தாம்மா," என்றார் அவர். "பேரைச் சொல்லுங்க."

அப்போதுதான் போர்டைப் பார்த்தேன். பிரசவ வார்டு. இங்கிலீஷ் படித்தவள், அந்த வார்த்தைக்குப் பிரசவ வலி என்று இன்னொரு அர்த்தம் இருப்பது இப்படிப் பிரசவ வார்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்வரை எனக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, உண்மையில். சாயங்காலம் வீட்டில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது என்றுகூட நினைத்துக்கொண்டு இறங்கினேன். நர்ஸ் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பதையும், பதில் என்னிடம் இல்லை என்பதையும் படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் உணர்ந்தேன். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

கீழே அவசரப் பிரிவில் அந்த அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். தலைத்துண்டை எடுத்திருந்தார்கள். துண்டு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. முன்நெற்றி முடி நரைத்திருந்தது, என்னைப் போலவே. ஒரு நர்ஸ் சீட்டை வைத்துக்கொண்டு டிரைவரிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர், நான் இன்றைக்குத்தான் இந்த வண்டிக்கு வந்தேன், முதலாளியம்மாவைக் கேளுங்கள் என்று என்னைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பெயர், வயது, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நர்ஸ் வரிசையாகக் கேட்டார். எங்கள் தோட்டத்து லேபர்தான் என்றேன். அது சரி, பேர் என்ன என்றார். சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். சரிவில் இருந்தால் அவருக்குச் சிக்னல் கிடைக்காது. நான்கு தடவை போட்டேன், கிடைக்கவில்லை.

அதற்குள் டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். படுக்கையில் குனிந்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார். அந்த அம்மா உதட்டை நனைத்துக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னார். எந்த ஊர் என்றதற்கு ராசிங்காபுரம் என்றார். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சரியா சொல்றாங்களா?"

"ஆமா," என்றேன். "சரிதான்."

ஒரு நொடிகூட ஆகவில்லை. ஊர் சரி என்பது எனக்குத் தெரியும். பெயர் சரியா என்பது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். 'தெரியாதுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் என் மகள் வயசில் ஒரு டாக்டர் கேட்கிறார், சுற்றிலும் நர்ஸுகள் நிற்கிறார்கள், வாசலில் என் பெயர் எழுதிய ஜீப்பு நிற்கிறது. அந்த இடத்தில், எட்டு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறவருடைய பெயர் எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கத்தை மறைப்பதற்காகப் பொய் சொன்னேன். ஒரு பெயர் கிடைத்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டருக்கு அது முக்கியமான கேள்வி. தலையில் அடிபட்டவர் தன் பெயரையும் ஊரையும் சரியாகச் சொன்னால் நினைவு தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். கூட வந்தவள் சரி என்கிறாள், அவர் நம்பினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்புவதைப் பற்றி முடிவு செய்யலாம் என்றார். நர்ஸ் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதினார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பெயரை மறக்காமல் இருக்க மனசுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இப்போதைய பெண் பிள்ளைகளுக்கு வைக்கிற மாதிரிப் பெயர். எங்கள் வயசுக்காரர் ஒருவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு தடவை தோன்றத்தான் செய்தது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போய், அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டேன். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் எனக்கே ஒரு நல்ல மனுஷி என்கிற நினைப்பு. அவர் என்னைப் பார்க்கவில்லை. கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். யாரையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். மயக்கம் என்று நினைத்துக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல், ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையில் ஒரு பெண் ஓடி வந்தாள். இருபது வயசு இருக்கும். அந்த அம்மாவின் மகள். மலையில் அழுதுகொண்டு நின்ற பெண், சாப்பாட்டு நேரத்தில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி இவளுக்குப் போன் செய்திருக்கிறார். போடியிலேயே ஒரு ஜவுளிக்கடையில்தான் வேலை, நடந்தால் பத்து நிமிஷம். வந்தவள் முன்னால் இருக்கிற கவுண்டரில் அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். அங்கேயும் இல்லை. திரும்ப இங்கேயே வந்து, மலையில் விழுந்தவர் யாராவது வந்தார்களா என்று அழுதபடி கேட்டதும்தான் கவுண்டரில் இருந்தவர், ஒருத்தர் இருக்கிறார், ஆனால் பேர் இது என்று சீட்டைப் பார்த்துப் படித்திருக்கிறார். படித்தது இவளுடைய பெயரை.

அவள் உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்து அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், வாய் கோணியபடி. மகள் டாக்டரிடம் திரும்பினாள்.

"இது எம்பேரு. எங்கம்மா பேரு இல்ல. அம்மா என்னையத்தான் கூப்புட்டுக்கிட்டு இருந்திருக்கு."

டாக்டர் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நர்ஸ், இந்தம்மாதானே சரி என்று சொன்னார்கள் என்றார். அவசரப் பிரிவில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தது போல எனக்கு இருந்தது. ஒருவேளை நான்கு பேர்தான் பார்த்திருப்பார்கள். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் மறுபடி குனிந்து, உங்க பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, கையைத் தூக்குங்கள் என்று கேட்டார். வலது கை எழும்பவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, தேனிக்குக் கொண்டுபோனார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அன்று சாயங்காலமே ஆபரேஷன். முடித்து வெளியே வந்த பெரிய டாக்டர் மகளிடம், உயிருக்கு ஆபத்தில்லை, இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கை இவ்வளவு பாதித்திருக்காது என்றார். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த ரெண்டு மணி நேரம் யாருடையது என்று மகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தேனியிலிருந்து காரில் திரும்பும்போது, சேதி கேட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர், ஏன் சரி என்று சொன்னாய் என்று ஒரு தடவை கேட்டார். பிறகு அவரே, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, லேபர் பேரெல்லாம் யாருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியுமா என்றார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான், லேபர் என்று சொல்லக் கூடாது என்று அவரோடு நான் போட்ட அந்த முதல் சண்டை ஞாபகம் வந்தது. அன்றைக்கு எனக்கு ஆங்கிலம்தான் தப்பாகப்பட்டது. ஆட்களைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொண்டோம். அதனால் யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. ராசிங்காபுரத்தில் சிலர் எங்களை நல்லபடியாகவே பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். அது குறை சொல்வதைவிட மோசமாக இருந்தது. மகள் மட்டும் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பணம் கட்டிய சீட்டை வாங்கிக்கொள்வாள், தலையை ஆட்டுவாள், போய்விடுவாள்.

ஒன்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தமிழில் ஆட்களை எண்ணும்போது எத்தனை பேர் என்றுதான் கேட்கிறோம். பத்துப் பேர், பதினாலு பேர். பேர் என்றால் பெயரும்தான், ஆளும்தான். எண்ணுகிற இடத்திலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று மொழி சொல்லி வைத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் எண்ணுவதற்கு எனக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. இங்கிலீஷில் கிடைத்தது, வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சூப்பர்வைசரிடம், வேலைக்கு வருகிற எல்லோருடைய பெயரையும் வீட்டு ஆளின் போன் நம்பரையும் எழுதி அனுப்பச் சொன்னேன். எதுக்குக்கா என்றார். அனுப்புங்கள் என்றேன். அவருக்கே நான்கு பேரின் பெயர் தெரிந்திருக்கவில்லை. அந்த மாதம் நான் மலைக்குப் போனபோது, மனப்பாடம் செய்துவைத்திருந்த பெயர்களைச் சொல்லி ஒவ்வொருவரையும் விசாரித்தேன். யாரும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், "பேரெல்லாம் எதுக்குக்கா எழுதுறீங்க, வேலைய விட்டு நிப்பாட்டப் போறீங்களா?" என்று கேட்டார். முதலாளி பெயர் கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அர்த்தத்தையும் நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். தார்ப்பாயை மாற்றினோம். புதுசு, பச்சை நிறம். அதற்காக யாரும் நன்றி சொல்லவில்லை, சொல்லாததில் எனக்கு நிம்மதி.

அந்த வார்த்தையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. அவசரத்தில் இன்றைக்கும் வருகிறது. போன வாரம்கூடப் போனை எடுத்ததும் "லேபர் வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் பெயர் இப்போது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை. தெரியாத காலத்தில் தப்பான பெயரை எழுத வைத்துவிட்டு, தெரிந்த பிறகு சரியான பெயரை எழுதிக் காட்டிப் பேர் வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இதில் யாருடைய பெயரும் இல்லாததற்கு அதுதான் காரணம்.

மூன்று மாதம் கழித்து, தை மாதத்தில், ராசிங்காபுரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அதுவரை போகத் தைரியம் வரவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெயிலுக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தார். மழித்த தலையில் முடி குச்சி குச்சியாக முளைத்திருந்தது. பிஞ்சை விட்டுக் காயை மட்டும் எடுக்கிற அந்த வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் வேண்டாம் என்று நான் ஓடிப் போய்த் தோளைப் பிடித்தேன். சத்தமான அந்தக் குரல் போய்விட்டது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் எதையோ தேடுவது போல நின்று நின்று பேசினார்.

மகள் எனக்கு இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அம்மாவிடம் தினமும் நாலு கேள்வி கேட்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார், வருகிறவர்களை அடையாளம் கேட்க வேண்டுமாம் என்று முதல் தடவையாக என்னிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அம்மா, இது யாருன்னு தெரியுதா? பேரு சொல்லு பாப்பம்" என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தெரியவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். தெரியவில்லை என்றால் இருவரும் ஒரு மாதிரி சமமாகிவிடுவோம் என்று ஒரு கேவலமான கணக்கு.

அவர் என் பெயரைச் சொன்னார். அக்கா இல்லை, முதலாளியம்மா இல்லை. வெறும் பெயர். ஜீப்பின் நெற்றியில் எழுதியிருப்பது போல, தோட்டத்து வாசலில் எழுதியிருப்பது போல, நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்துகூட விடாமல் சொன்னார். எட்டு வருஷம் விடியற்காலையில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வண்டி ஏறியிருக்கிறார்.

விடிவதற்கு முன் வந்துபோகிற, சாயங்காலம் அவள் கடையில் இருக்கும்போதே திரும்பிவிடுகிற அந்த ஜீப்பை மகள் சரியாகப் பார்த்ததில்லை. என் பெயர் அவளுக்குத் தெரியாது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சரியா சொல்லுதாக்கா?"

"ஆமா," என்றேன். "சரியாத்தான் சொல்றாங்க."